நான்கு மடங்கு, மழை இல்லாமல்

ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலம் என்பதை நேற்று திரையில் பார்த்துவிட்டேன். ஆகையால் கேட்கவில்லை.

எங்கள் சோதனைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் ஒரு தொலைக்காட்சி உண்டு. தண்ணீர் இயந்திரத்துக்கு மேலே இருப்பதால் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கவேண்டும். வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. நேற்று நிற்க இடமில்லை. புதிய கேம் கன்சோலின் செயலியை, அதாவது உள்ளே இருக்கும் சிப்பை, அறிவிக்கப்போகிறார்கள் என்று காலையிலிருந்தே யாருக்கும் வேலை ஓடவில்லை. சலவை இயந்திரங்களைச் சோதிக்கும் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். நீ பச்சைச் சட்டையில், கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் மேடைக்கு வந்தாய். "நான்கு மடங்கு வேகம்" என்றாய். சொல்லிவிட்டு நிறுத்தினாய். அந்த நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்றவர் மெல்லுவதையும் நிறுத்திவிட்டார்.

பிறகு பரிமாறுபவர் கதையைச் சொன்னாய். "பழைய செயலி, நீங்கள் கேட்டபிறகு அடுப்படிக்குப் போய்வரும் பரிமாறுபவர். புதிய செயலி, நீங்கள் முதல் தட்டைச் சாப்பிடும் விதத்தைப் பார்த்தே அடுத்த மூன்று தட்டுகள் என்னவென்று ஊகித்துக் கொண்டுவந்து வைக்கிறவர்." அறை முழுவதும் சிரித்துக் கை தட்டியது. "அட, இப்பதான் புரியுது," என்றார் சலவை இயந்திரப் பிரிவுக்காரர்.

எனக்கு நவம்பரிலேயே புரிந்துவிட்டது. நீ போன் செய்து, "ஒரு படத்தை வரையுதாம், மூணு படத்தை ஊகிக்குதாம், என்ன எழவுடி இது, எனக்கு விளங்குற மாதிரி சொல்லு," என்று கேட்டபோது அந்தப் பரிமாறுபவரை உண்டாக்கியவள் நான்தான். ஆனால் நான் சொன்னதில் இன்னொரு வாக்கியமும் இருந்தது: ஊகம் தப்பினால் பக்கத்து மேசைக்காரரின் தட்டு உன் முன்னால் வந்து உட்காரும். அதை விட்டுவிட்டாய். மறந்திருப்பாய் என்று நினைக்கப் பார்த்தேன். நீ எதையும் மறக்கிறவள் இல்லை.

மாலையில் அம்மா பேசினாள். "பாத்தியாடி பெரியவள? என்ன தைரியம், என்ன பேச்சு. நீயும் அதே படிப்புதான படிச்ச? நாலு பேர் முன்னாடி நின்னு பேசினா வாய்ல என்ன முத்தா உதிர்ந்துடும்?" அதே படிப்பை நான் முடித்தேன், நீ இரண்டாம் வருடத்தில் விட்டாய் என்று நான் நினைவூட்டவில்லை. வீட்டில் உன்னை ரேடியோ என்றும் என்னைப் பூனை என்றும் சும்மாவா கூப்பிட்டார்கள்.

இங்கே யாருக்கும் நீ என் பெரியப்பா மகள் என்று தெரியாது. சொன்னால் "அப்படியா!" என்று திரும்பி, என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பிறகு உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

போனில் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டுவேன். அதனால்தான் கடிதம். முகவரியைப் பெரியம்மாவிடம் வாங்கினேன்.

மற்றபடி, பச்சை உனக்குப் பொருந்தியது.

சின்னவள்


ஜனவரி 27

ஏ பூனை,

தபால்தலைக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடைக்காரர், "யாருக்கும்மா, கோர்ட்டுக்கா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் வழக்குப் போடுகிறவர்கள் மட்டும்தானாம். உன் கடிதத்தைப் படித்தபிறகு அவர் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. மேலே வாழ்த்து, உள்ளே முள். சட்டை பொருந்தியது என்று ஒரு நல்ல வார்த்தை சொல்ல வந்து, அதையும் "மற்றபடி" என்று தொடங்கியிருக்கிறாய்.

பரிமாறுபவர் உன்னுடையவர்தான். ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அத்தனை பேர் முன்னால் நின்று "இதை என் தங்கச்சி சொன்னா" என்று சொல்லமுடியுமா? இரண்டாம் பாதியை மறக்கவும் இல்லை. ஒத்திகையில் சொன்னேன். எங்கள் விளம்பரப் பிரிவுத் தலைவர் எப்போதும் சிரித்துக்கொண்டே வெட்டுவார். புன்னகை என்று பெயர் வைத்திருக்கிறோம். "முதல் பாதி அருமை. அங்கயே நிறுத்திக்கலாமே," என்றார். நிறுத்திக்கொண்டேன். அவரிடம் வாதாடும் இடத்தில் நான் இல்லை. மே மாதம் கன்சோல் விற்பனைக்கு வரும் நாளில் பெரிய மேடை இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் என்னை நிரந்தரமாக்குவார்கள். அதுவரை ஒப்பந்தம்தான். கடைத்தொகுதி ஒலிபெருக்கியில் "சிவப்புத் தொப்பி போட்ட குழந்தை தகவல் மேசையில் இருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று ஆறு வருடம் கூவிக்கொண்டிருந்தவள் நான். அந்த மேடை எனக்கு என்ன என்பதை நீயே நிரப்பிக்கொள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். மேடையில் ஓட்டிக் காட்ட எங்கள் பொறியாளர்கள் எந்தக் காட்சியையும் கொடுப்பார்கள். மழையை மட்டும் கொடுக்கமாட்டார்கள். மழை பெய்தால் அந்த ஊகம் உளற ஆரம்பித்துவிடுமாம். ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு பக்கம் தெறித்தால் பாவம், எதையென்று ஊகிக்கும்? "தப்பித்தவறிக்கூட மழைக்குள்ள போயிடாதீங்க மேடம்," என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. இவ்வளவு பெரிய செயலிக்கு நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கிறது.

நீ பொறாமைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, கேட்டுக்கொள். நம் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது உன் பட்டமளிப்புப் படம். கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், யாரோ திட்டிவிட்டது போல ஒரு முகம். என் அப்பா நோயில் படுத்த வருடம் நான் படிப்பை விட்டேன். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அதே அப்பா அந்தப் படத்தைக் காட்டி, "எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி," என்கிறார். என்னைக் காட்டும்போது, "இவ நல்லா பேசுவா," என்கிறார்.

ரேடியோ


பிப்ரவரி 9

அக்கா,

சோதிப்பதற்கென்று உங்கள் கன்சோல் பெட்டி முன்கூட்டியே எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் வேலைமுறை உனக்குத் தெரியாது. பொருள் வாங்குகிறவர்களுக்காக நடக்கும் பத்திரிகை இது. கெட்டில் முதல் கன்சோல் வரை சோதித்து, சொன்னபடி இருக்கிறதா என்று எழுதுவோம். ஒரு பொருளை ஒருவரே அளப்பார். கன்சோலுக்கென்று பன்னிரண்டு காட்சிகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ரயில் நிலையம், பனிச்சரிவு, சந்தை, மழைத்தெரு என்று. எல்லாவற்றையும் ஓட்ட நேரம் இருக்காது. அளப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் முப்பது முறை ஓட்டி, நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று எண்ணுவார். ஏன் அந்தக் காட்சி என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மூத்த அளவையாளர் அப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டார். அவரைத் தராசு என்போம். "அளக்கிறவங்களையே சந்தேகப்பட்டா அப்புறம் எதைக் கொண்டு அளக்கிறது?" என்பார்.

இந்தப் பெட்டியை நான் கேட்டு வாங்கினேன். இங்கு வந்த மூன்று வருடத்தில் நான் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் இது.

திறக்கும் முன்னால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். "தயாரிக்கும் நிறுவனத்தில் உங்கள் குடும்பத்தினர் எவரேனும் பணிபுரிகிறார்களா?" பெரியப்பா மகள் குடும்பத்தில் சேர்த்தியா என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். ஆம் என்று எழுதினால் பெட்டி அடுத்த மேசைக்குப் போய்விடும். அத்துடன், ஆம் என்று எழுதினால் அன்று மத்தியானமே நான் உன் தங்கை ஆகிவிடுவேன். தராசு, "என்னம்மா, ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா?" என்றார்.

"இல்லை" என்று எழுதினேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சின்னவள்


பிப்ரவரி 20

ஏண்டி,

ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய். பதினாறு வருடம் ஒரே கட்டில். நான் உதைத்து நீ கீழே விழுந்து பல் உடைந்ததை மறந்துவிட்டாயா? "சேர்த்தியா என்று யோசித்தேன்" என்கிறாய். நன்றாக யோசித்தாய். படித்தவள் அல்லவா.

சிரித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். வரவில்லை. நாளைக்கே போய் அந்தப் படிவத்தை மாற்று.

இங்கே முன்பதிவு தொடங்கிவிட்டது. எங்கள் கட்டடத்தைச் சுற்றி வரிசை. ஒருவர் மட்டும் வரிசைக்கு எதிரில் "நான்கு மடங்கா? நிரூபி!" என்று அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "போன தடவையும் இதைத்தான் சொன்னாங்க, அதுக்கு முந்தின தடவையும் இதைத்தான் சொன்னாங்க, மண்டையை அடகு வெச்சிட்டா வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். மத்தியானம் பார்த்தால் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் வரிசையில் நிற்கிறார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். "சும்மா, பதிவு பண்ணி வைக்கிறது, பிடிக்கலைன்னா ரத்து பண்ணிடலாம்," என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சந்தேகப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களைக் கிழிக்கவேண்டும் என்றால் கிழி. அதற்குத்தான் உன்னை வைத்திருக்கிறார்கள். ஆனால் நேராகக் கிழி.

உன் பெரியப்பா மகள்


மார்ச் 18

அக்கா,

இத்துடன் எங்கள் பத்திரிகைப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். "நான்கு மடங்கு இல்லை, 1.6 மடங்கு" என்ற தலைப்பு நான் வைத்ததல்ல. எண் என்னுடையது. கீழே சிறிய எழுத்தில் என் பெயர் இருக்கிறது. இதுவரை என் பெயர் அச்சில் வந்ததில்லை.

வந்த அன்று சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் தட்டைக் கீழே வைப்பதா, வைத்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். மற்ற பத்திரிகைகள் எங்கள் எண்ணை எடுத்துப் போட்டிருக்கின்றன. முன்பதிவை ரத்து செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டுகிறார்களாம். அப்பா வேன் ஓட்டும் வழியில் நான்கு இடத்தில் நான்கு பிரதி வாங்கியிருக்கிறார். "என்ன எழுதியிருக்குன்னு விளங்கல. பேரு விளங்குது," என்றார்.

மழைத்தெருவைத் தேர்ந்தெடுத்தேன். கடினமான காட்சியில் சோதிப்பதுதான் நியாயம். சுலபமானதில் யார் வேண்டுமானாலும் ஓடுவார்கள். முப்பது முறையும் நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். ஒரு எண்ணையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

படிவத்தை மாற்ற இரண்டு முறை போனேன். முதல் முறை தராசு இருக்கையில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார்.

நீ ஒன்றும் எழுதவில்லையே.

சின்னவள்


மார்ச் 29

பன்னிரண்டு காட்சிகளில் மழை.

பத்திரிகை வந்த மறுநாளே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மழை விஷயம் தெரிந்தவர்கள் ஏழு பேர். புன்னகை அன்று சிரிக்கவில்லை. நான் மறைக்கவில்லை. "என் தங்கச்சிகிட்ட சொன்னேன், வேடிக்கையா சொன்னேன், அவ அங்கதான் வேலை பாக்கிறா," என்றேன். அவர்கள் உங்கள் கூடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். நான்கு நாளில் பதில் வந்தது. அளந்தவருக்கு எங்கள் நிறுவனத்தில் குடும்பத்தினர் எவரும் இல்லை என்று உன் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல்.

அதை என் முன்னால் வைத்து, "அப்ப யாருகிட்ட வித்தீங்க மேடம்?" என்று கேட்டார்கள்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 6

அக்கா,

எழுதாதே என்றாய். பேசத் தெரியாதவளிடம் எழுதவும் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வது.

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன். என் வாக்கியத்தை நீ எடுத்தபோது என்னைக் கேட்டாயா? அதுவும் முதல் முறையா? ஏழாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மேடைக்குப் பின்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் பதிலாகப் போய்ப் பேசினாய். கோப்பையில் உன் பெயரைப் பொறித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா உன்னைத் தூக்கிச் சுற்றினார். "இவதான் எழுதினா," என்று நீ சொன்னாய். சொன்னாய் என்பதை நான் மறுக்கவில்லை. யாரும் காதில் வாங்கவில்லை, நீ இரண்டாவது முறை சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து நீ வாய் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பது என்னுடையதோ என்று எனக்கு ஒரு நினைப்பு. கல்லூரியில் நான் முடித்த பாடத்தை நீ மேடையில் சொல்கிறாய். எனக்கு டிரான்சிஸ்டர் தெரியும். உனக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும். உலகம் நிறுத்தத்துக்குத்தான் கை தட்டுகிறது.

கோபம் இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை. நான் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மீதியைச் சொல்கிறேன். கடினமான காட்சியில் சோதிப்பது நியாயம் என்று எழுதினேன் அல்லவா, அந்த நியாயம் பிறகு வந்தது. பெட்டியைத் திறக்கும் முன்பே பட்டியலில் மழைத்தெருவுக்கு நேரே குறி போட்டுவிட்டேன். மற்ற பதினொன்றை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் ஓட்டத்தில் துளிகள் இழுபட்டுச் சாலையே குழம்பியபோது, உன் முகம் அங்கே குழம்புவது போல எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. முப்பது முறையும் வந்தது. மிகச் சரியாக எண்ணினேன். நான் அவ்வளவு கவனமாக எதையும் எண்ணியதில்லை.

விற்றாயா என்று உன்னைக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எப்போதும் நினைப்பேன். உனக்கு எப்போதுமே ஒன்றும் ஆனதில்லை. இல்லை, அது சரியில்லை. நீ படிப்பை விட்ட வருடம் நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இனி ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

நாளை தராசிடம் போகிறேன். வாய் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் எழுதிக் கொடுப்பேன்.

சின்னவள்


ஏப்ரல் 19

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டுதான் போனேன். தராசு அதை வாங்கவில்லை. "வாயால சொல்லும்மா," என்றார்.

"சார், கன்சோல் படிவத்துல இல்லைன்னு எழுதிட்டேன். இருக்கு."

"யாரு?"

"மேடையில பேசினாங்களே, அவங்க என் பெரியப்பா பொண்ணு. ஒரே வீட்டுல வளந்தோம்."

கண்ணாடியைக் கழற்றி என்னைச் சற்று நேரம் பார்த்தார். "மூக்கு ஒண்ணாத்தான் இருக்கு. நான் அன்னிக்கே பாத்திருக்கணும்," என்றார்.

"அதோட இன்னொண்ணும் இருக்கு சார். மழையில உளறும்னு அவதான் என்கிட்ட வேடிக்கையா சொன்னா. அதை வெச்சுத்தான் மழைய எடுத்தேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "எண்ணு சரி. ஆனா அது அளவு இல்லம்மா, கோள்," என்றார்.

பெட்டியை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவரே பன்னிரண்டு காட்சிகளையும் ஓட்டினார். எட்டு நாள் ஆயிற்று. ரயில் நிலையத்தில் 3.4. சந்தையில் 2.9. மழையில் என் எண்ணேதான், 1.6. எல்லாவற்றுக்கும் சராசரி 2.7. நான்கு எங்கேயும் வரவில்லை. திருத்தம் அடுத்த இதழில் வருகிறது. என் பெயருக்குப் பதிலாக அவர் பெயர். கீழே ஒரு குறிப்பு: முந்தைய அளவையை எடுத்தவர் அந்நிறுவனப் பேச்சாளரின் தங்கை. அதை அவர் அறிவிக்கவில்லை. பேச்சாளர் தம்மிடம் தனிப்பட்ட முறையில் சொன்னதை அனுமதி பெறாமல் பயன்படுத்தினார். கடைசி வாக்கியத்தை நான் கேட்டுச் சேர்த்தேன். உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது.

இனி அளப்பவர் காட்சியைத் தேர்ந்தெடுக்கமுடியாது. தராசு உண்டாக்கிய வழக்கத்தைத் தராசே எடுத்துவிட்டார். அவர் அந்த அறிவிப்பைப் பலகையில் மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஊசியைக் குத்த அவருக்கு இரண்டு முறை ஆயிற்று.

என்னை ஒரு வருடத்துக்குக் கெட்டில் பிரிவில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது என்று பார்க்கவேண்டும். நான் பயந்தது நடந்துவிட்டது. ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, "அவங்க நிஜமாவே உங்க அக்காவா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

சின்னவள்


மே 4

சின்னவளுக்கு,

நகல் வந்தது. விற்றாள் என்ற பேச்சு அதோடு நின்றது. புன்னகை என்னைக் கூப்பிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க," என்று சிரித்தார். அவர் சிரித்தால் ஏதோ வெட்டப்போகிறார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய மேடைக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்தாகிவிட்டதாம். "வீட்டுக்குள்ள பேசினதுதான், புரியுது. ஆனா வாய்தானே உங்க வேலை," என்றார். வேலையிலிருந்து அனுப்பவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள்.

உன் நீண்ட கடிதத்தையும் படித்தேன். கோப்பை விஷயம் எனக்கு நினைவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நினைவு இருக்கிறது. இரண்டாவது முறை சொல்லியிருக்கலாம். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றியது அந்த ஒரே முறைதான். இறங்க மனமில்லை.

படிப்பை விட்டபோது மகிழ்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நீ எழுதாமல் இருந்திருக்கலாம். நேராகக் கிழி என்று சொன்னவள் நான்தான். தெரியும். இருந்தாலும்.

என் மேடை போனது போனதுதான். உன் திருத்தத்தால் அது திரும்பாது.

ரேடியோ


மே 22

அக்கா,

நேற்று சாப்பாட்டு அறையில் மறுபடி கூட்டம். நான் கெட்டிலை அணைத்துவிட்டுப் போனேன். இம்முறை எனக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். உன் தங்கை என்பதால்.

அந்தப் பெண் வந்தாள். உன்னைவிட உயரம். நல்ல குரல்தான். "இரண்டு முதல் நான்கு மடங்கு வரை" என்றாள். அந்த "இரண்டு முதல்" தராசின் எட்டு நாள். அதைக் கேட்டதும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பரிமாறுபவரைச் சொன்னாள். அதே பாதி. நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டி ஓடிவிட்டாள். அதற்கும் கை தட்டினார்கள்.

என் வாக்கியத்தை இரண்டாவது ஆள் எடுக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் யார், உன் இடத்தில் நிற்க? அதுதான் வந்தது. அவள் காலணியைப் பார்த்தேன், தலைமுடியைப் பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் உன்மேல் பொறாமைப்பட்டுப் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தோடு அப்படியே உன் பக்கம் சேர்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ எங்கே இருந்தாய்? பார்த்தாயா?

சின்னவள்


மே 31

பூனை,

அந்த அரங்கத்தில்தான் இருந்தேன். நான்காவது வரிசை, ஓரம். ஊழியர்களுக்கு ஒதுக்கிய இடம்.

மூன்று வாரம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நன்றாக வரவேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன், சத்தியமாக. விளக்கொளி அவள்மேல் விழுந்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இடது காலில் சாய்கிறாள். "செயலி" என்னும்போது முதல் எழுத்தை விழுங்குகிறாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பத்து நிமிடத்துக்குள் பதினான்கு குறை எண்ணிவிட்டேன். நிறுத்தவேண்டிய இடத்தை அவள் தாண்டி ஓடினாள் என்கிறாயே, அது பதினைந்தாவது. அது வந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதே சந்தோஷத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அதற்காக உன்னை நான் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர், "நல்லா பேசுறாங்கல்ல?" என்றார். தலையை ஆட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கைகள் படாமல். வீட்டுக்கு வந்து பார்த்தால் தோள் இரண்டும் கல்லாக இருக்கிறது, மூட்டை தூக்கியது போல. கீழே உட்கார்ந்து இன்னொருத்தியைப் பார்ப்பது இவ்வளவு வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும்போது சொல்கிறேன், அவசரப்படுத்தாதே. அதற்குள் ஒன்று கேட்கவேண்டும். உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

அந்த வரிசையில் இத்தனை வருடம் எப்படியடி உட்கார்ந்திருந்தாய்?

அக்கா